ரகசிய விஷ ஆராய்ச்சி: குமரி மாவட்டத்தில் என்னிடம் கேட்ட கேள்விகள்

தக்கலைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மாதத்தில் ஒரு ஞாயிறு ஏதாவது ஊர் நூலகத்தில் பேசக் கூப்பிடுவார்கள். வழக்கமாக நன்றியுரை முடிவதற்குள் பாதி நாற்காலி காலியாகிவிடும். அரசாங்கங்கள் ரகசியமாக நடத்திய நச்சு ஆயுத ஆராய்ச்சி பற்றிப் பேசிய அன்று மட்டும் கேள்விகள் சாயாக் கடை வரைக்கும் பின்னாலேயே வந்தன. அப்புறம் வாட்ஸ்அப்பிலும் வந்தன. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்ததால் எழுதி வைக்கிறேன். எதையும் தயாரிக்கும் முறை இதில் இல்லை. அதைத் தேடி வந்தவர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

இரசாயன ஆயுதம், உயிரி ஆயுதம், இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. முதலாவது விஷம், பட்டவனைத் தாக்கும், அத்தோடு சரி. இரண்டாவது கிருமி, அல்லது கிருமியிலிருந்து எடுத்த நச்சு. கிருமிக்கு உயிர் உண்டு என்பதால், விட்டவன் போன பிறகும் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மாட்டுக்கு வரும் அடைப்பான் நோயை மாடு வளர்ப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆந்த்ராக்ஸ் என்று செய்திகளில் வருவது அதுதான். வல்லரசுகள் போட்டி போட்டு ஆராய்ந்த கிருமிகளில் அதற்கே முதலிடம்.

இது எங்கே தொடங்கியது?

எங்கள் ஊர் ஓவர்டேங்கில் தண்ணீர் திறந்துவிடுபவர் ப்ளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். தோளில் கிடக்கும் துவர்த்து தானாக மூக்குக்கு ஏறிவிடும். பிரித்த நொடியில் ஒரு வீச்சம் வரும், கண் எரியும், தொண்டை இறுகும். அது குளோரின். அந்த வீச்சம் மூட்டையிலிருந்து வராமல், ஆள் உயரத்துக்கு மஞ்சளும் பச்சையுமாகப் புகைச்சுவர் போல, கிலோமீட்டர் கணக்கான அகலத்தில் காற்றோடு நகர்ந்து வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

1915 ஏப்ரல் 22 அன்று மாலை, பெல்ஜியத்தின் ஈப்ர் நகரத்துக்கு அருகே அதுதான் நடந்தது. ஜெர்மன் ராணுவம் 5,700-க்கும் மேற்பட்ட சிலிண்டர்களைத் திறந்து 150 டன்னுக்கு மேல் குளோரினைக் காற்றில் விட்டது. திட்டம் ஃபிரிட்ஸ் ஹாபர் என்ற வேதியியலாளருடையது. களத்துக்கே போய் நின்று மேற்பார்வை பார்த்தார். பத்து நாள் கழிந்து, தானும் வேதியியல் படித்தவரான அவர் மனைவி கிளாரா, கணவரின் துப்பாக்கியால் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இதே ஹாபர்தான் காற்றில் உள்ள நைட்ரஜனிலிருந்து அமோனியா செய்யும் வழியைக் கண்டவர். 1918-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. ஏத்தன் வாழைக்கு நாம் போடும் யூரியா அந்த வழியில் பிறந்தது. குளச்சல் பக்கம் மீனுக்கு ஐஸ் அடிக்கும் பிளாண்டுகளில் ஓடுவதும் அமோனியாதான். ஒருமுறை அப்படி ஒரு பிளாண்டில் குழாய் விட்டுப்போய்த் தெருவே கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். எந்த பிளாண்ட் என்பது இங்கே வேண்டாம்.

இந்தியர்கள் இதில் மாட்டினார்களா?

நான்கே நாளில் மாட்டினார்கள். ஏப்ரல் 26 அன்று அதே ஈப்ரில் லாகூர் டிவிஷன் இறக்கப்பட்டது. முகமூடி கிடையாது. நனைத்த துணியை வாயில் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஜமேதார் மீர் தஸ்த் என்பவர் வாயுவை வாங்கிக்கொண்டே காயம்பட்டவர்களை இழுத்து வந்தார். விக்டோரியா கிராஸ் வாங்கினார்.

அது போர்க்களம், எதிரி விட்டது. அடுத்ததுதான் எனக்கு இன்னும் ஆறாதது. 1930-களில் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலாக, இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ராவல்பிண்டியில், இங்கிலாந்து அரசின் இரசாயன ஆயுத ஆய்வகமான போர்ட்டன் டவுன் விஞ்ஞானிகள் இந்தியச் சிப்பாய்கள் மேல் கடுகு வாயுவைச் சோதித்தார்கள். பெயரில்தான் கடுகு, வாடை காரணமாக வந்த பெயர். தோலில் பட்டால் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு தீப்பட்டது போலக் கொப்புளம் எழும்பும். இந்தியத் தோலுக்கும் வெள்ளைக்காரத் தோலுக்கும் பாதிப்பில் வித்தியாசம் உண்டா என்று அறிவதே சோதனையின் நோக்கம். அரைக்கால் சட்டையும் பருத்திச் சட்டையும் உடுத்த ஆட்களை வாயு அறைக்குள் அனுப்பினார்கள். ஒரு சிப்பாயின் முகமூடி நழுவி, கண்ணும் முகமும் வெந்துபோனது. நூற்றுக்கணக்கானவர்கள் இப்படி உள்ளே போய் வந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பின்னாளில் அவர்களுக்கு என்ன ஆனது என்று யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. கடுகு வாயு புற்றுநோய் உண்டாக்கும் என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி.

2007-இல், லண்டன் ஆவணக் காப்பகத்துக் கோப்புகளை வைத்து ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் இதை எழுதிய பிறகுதான் வெளியே தெரிந்தது. போர்ட்டன் டவுன் தரப்பு சொன்ன பதில்: அது வேறு காலம், இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது. அந்தக் காலத்திலும் கொப்புளம் வலித்திருக்கும் என்பது என் எண்ணம்.

அப்போது தடைச் சட்டம் எதுவும் இல்லையா?

இருந்தது. 1925 ஜெனீவா நெறிமுறை. ஆனால் அதில் ஒரு ஓட்டை: போரில் பயன்படுத்தக் கூடாது என்றது, செய்யக் கூடாது, சேர்த்து வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. சாராயம் குடிக்கக் கூடாது, காய்ச்சிக் குடத்தில் வைக்கலாம் என்பது போல. எல்லா நாடும் காய்ச்சியது.

பூச்சிமருந்தும் போர் விஷமும் ஒரே குடும்பம் என்கிறார்களே, உள்ளதா சார்?

ஒரு வகைப் பூச்சிமருந்துகளுக்கு உள்ளதுதான். 1936-இல் ஜெர்மனியில் ஐ.ஜி. ஃபார்பென் நிறுவனத்தில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்பவர் பயிரைத் தின்னும் பூச்சிக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தது டாபுன் என்ற நரம்பு விஷம். மேசையில் ஒரு துளி சிந்தியதற்கே அவருக்கும் உதவியாளருக்கும் கண்மணி சுருங்கி மூச்சு முட்டியது. ராணுவம் வந்து எடுத்துக்கொண்டது. 1938-இல் அதே குடும்பத்தில் சாரின். 1950-களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ரணஜித் கோஷ் என்ற வேதியியலாளர் இருந்த குழு கண்ட ஒரு பூச்சிமருந்து, வயலுக்கு ஆகாத அளவுக்கு நச்சாக இருந்தது. அது போர்ட்டன் டவுனுக்குப் போய், அந்த வம்சத்தில் வி.எக்ஸ். என்ற நரம்பு விஷம் பிறந்தது.

வேலை செய்யும் விதம் ஒன்றுதான். நரம்பு தசைக்கு ‘இறுகு’ என்று சொல்லி அனுப்பும் செய்தியை அழிக்க உடம்பில் ஒரு நொதி உண்டு. இந்த விஷங்கள் அந்த நொதியைக் கட்டிப்போடும். செய்தி அழியாமல் குவிந்து, வாயில் நீர் ஒழுகும், கண்மணி ஊசிமுனை ஆகும், கடைசியில் மூச்சுத் தசை ஓயும். வாழைத் தோப்பில் முகத்துணி இல்லாமல் மருந்தடித்து மயங்கியவரை ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அட்ரோபின் ஊசி போடுவார்கள். நரம்பு நச்சுத் தாக்குதலை எதிர்பார்க்கும் சிப்பாயின் பையில் இருப்பதும் அதே அட்ரோபின். அளவிலும் வீரியத்திலும்தான் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

சொந்த நாட்டு வெள்ளைக்காரச் சிப்பாய்களை விட்டுவைத்தார்களா?

இல்லை. ரொனால்டு மேடிசன், வயது 20, விமானப்படை ஆள். 1953 மே 6 அன்று போர்ட்டன் டவுனில் அவர் முன்கையில் கட்டிய துணி மேல் 200 மில்லிகிராம் சாரின் சொட்டுகள் விட்டார்கள். ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. சளிக்கு மருந்து கண்டுபிடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பிப் போனதாக அங்கே போய் வந்த பலர் பின்னர் சொன்னார்கள். கூலி 15 ஷில்லிங்கும் மூன்று நாள் லீவும். அந்தக் காசில் காதலிக்கு மோதிரம் வாங்க நினைத்திருந்தார் மேடிசன்.

விசாரணையைக் கதவடைத்து நடத்தி, எதிர்பாராத மரணம் என்று எழுதி மூடினார்கள். 51 வருஷம் கழித்து, 2004-இல், மறு விசாரணையில் ஜூரி சொன்னது: சட்டத்துக்குப் புறம்பான கொலை.

இந்த ஆராய்ச்சியில் இருந்த பெரிய நாடு ஒவ்வொன்றும் அடுத்த நாட்டில் என்ன நடக்கிறது என்பதை உளவாளி மூலம் அறிய முயன்றுகொண்டிருந்தது. எதுவுமே அறியாதவர்கள் அறைக்குள் அனுப்பப்பட்டவர்களும் அவர்கள் வீட்டாரும்தான். ரகசியம் யாருக்கு எதிராக என்பதை இந்த ஒரு வழக்கே சொல்லிவிடும்.

இதற்கெல்லாம் ஏன் தீவுகளாகத் தேடிப் பிடித்தார்கள்?

கடலை மதில் என்று நினைத்தார்கள். கட்டுமரத்தில் போகிற யாரிடமாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், கடல் எதையும் வைத்துக்கொள்ளாது, கரைக்குத் தள்ளிவிடும் என்று.

ஸ்காட்லாந்தின் குருனார்டு தீவில் 1942-இல் ஆடுகளை வரிசையாகக் கட்டி நிறுத்தி அடைப்பான் குண்டு வெடித்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஆடுகள் விழுந்தன. புதைத்த ஆடு ஒன்று அலையில் எதிர்க்கரைக்குப் போய்ச் சேர, அங்கே கால்நடைகளுக்கு நோய் கண்டது. அதிகாரிகள் நஷ்டஈடு கொடுத்து, வழியில் போன கிரேக்கக் கப்பல் போட்ட பிணம் என்று கதை கட்டினார்கள். இன்னொரு பக்கம், ஜெர்மன் மாடுகளுக்கு விமானத்திலிருந்து போட, அடைப்பான் கிருமி வைத்த ஆளிவிதைப் புண்ணாக்கு 50 லட்சம் செய்து வைத்தார்கள். புண்ணாக்கில் விஷம் வைப்பது நம்மூரில் எவ்வளவு கேவலமான பகை என்று சொல்ல வேண்டியதில்லை. நல்லவேளை, அது போடப்படாமல் போருக்குப் பின் எரிக்கப்பட்டது.

தீவு மட்டும் பூட்டியே கிடந்தது. 1981-இல் யாரோ சிலர் அந்த மண்ணை அள்ளிக் கொண்டுவந்து போர்ட்டன் டவுன் வாசல் பக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். உங்கள் சாமான், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்ற தோரணை. 1986-இல் 280 டன் ஃபார்மால்டிஹைடைக் கடல் நீரில் கலந்து தீவு முழுக்க ஊற்றினார்கள். 1990-இல் பத்திரமான இடம் என்று அறிவித்து, பழைய உடைமைக்காரரின் வாரிசுகளுக்கு 500 பவுண்டுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஜப்பானின் ஓகுனோஷிமா தீவில் 1929 முதல் 1945 வரை விஷவாயுத் தொழிற்சாலை ஓடியது. வரைபடத்திலிருந்தே தீவை அழித்துவிட்டார்கள். இப்போது அங்கே முயல் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். சோவியத் யூனியன் கிருமி ஆயுதச் சோதனைக்கு வைத்திருந்த ஆரல் கடல் தீவின் கதை இன்னும் விசேஷம்: கடலே வற்றி, தீவு தரையோடு சேர்ந்துவிட்டது.

சிங்கப்பூரில் ஜப்பான்காரன் எலி பிடித்த கதை நிஜமா? எங்கள் பாட்டா சொல்வார்.

நிஜம். வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில், ஹார்பின் நகரத்துக்குப் பக்கத்தில், ஷிரோ இஷீ என்ற ஜப்பானிய ராணுவ மருத்துவர் நடத்திய 731-ஆம் கிருமி ஆயுதப் பிரிவில் குறைந்தது 3,000 பேர் சோதனைப் பொருளாகக் கொல்லப்பட்டார்கள். கைதிகளை அவர்கள் ‘மருதா’ என்பார்கள். நம் காதுக்கு ஊர்ப் பெயர் போலக் கேட்கும். ஜப்பானிய மொழியில் மரக்கட்டை. 1940-இல் சீனாவின் நிங்போ நகரத்தின் மேல் பிளேக் தெள்ளுப்பூச்சிகளை விமானத்திலிருந்து கொட்டினார்கள்.

1942-இல் சிங்கப்பூர் விழுந்ததும் அங்கே ஒரு கிளை வந்தது, 9420 என்ற எண்ணில். எலி பிடித்து வந்து, அதன் உடம்பிலிருந்து தெள்ளுப்பூச்சி எடுக்கும் வேலைக்கு உள்ளூர்ப் பையன்களை வைத்தார்கள். அவர்களில் ஒருவர் ஒஸ்மான் வோக், பின்னாளில் சிங்கப்பூர் அமைச்சர். 1991-இல் அதை வெளியே சொன்னார். உங்கள் பாட்டா சொன்னது வெறும் கதை இல்லை.

போர் முடிந்ததும் இஷீக்குத் தண்டனை கிடைக்கவில்லை. சோதனை முடிவுகளைத் தந்தால் வழக்கு இல்லை என்று அமெரிக்கா பேரம் பேசி வாங்கிக்கொண்டது.

மூடி மறைத்தது வெளிவந்ததில் உங்களுக்கு மறக்க முடியாதது எது?

ஸ்வெர்ட்லோவ்ஸ்க். 1979 ஏப்ரல் 2. அந்தச் சோவியத் நகரத்து ராணுவ ஆலையில் காற்று வெளியேறும் குழாயில் வடிகட்டி மாட்டாமல் விட்டுவிட்டார்கள். அடைப்பான் கிருமியின் விதைகள் (ஸ்போர்கள்) காற்றில் போயின. குறைந்தது 66 பேர் இறந்தார்கள். அரசு சொன்ன காரணம், நோய் கண்ட மாட்டின் இறைச்சி. உளவுத்துறை ஆட்கள் ஆஸ்பத்திரிக் கோப்புகளை வாரிக்கொண்டு போனார்கள். ஆனால் ஃபைனா அப்ரமோவா, லெவ் கிரின்பெர்க் என்ற இரு மருத்துவர்கள் பிணப் பரிசோதனைத் திசுக்களையும் குறிப்புகளையும் ஒளித்து வைத்துவிட்டார்கள். இறைச்சி தின்று வந்த நோய் என்றால் குடலில் தொடங்க வேண்டும். அந்தத் திசுக்களில் நோய் நெஞ்சில் தொடங்கியிருந்தது.

1992-இல் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ஒப்புக்கொண்ட பிறகு, மேத்யூ மெசல்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு அங்கே போனது. கல்லறைக் கல்லில் தேதி படித்தார்கள், வீடு வீடாகக் கேட்டு செத்தவர் அந்தத் திங்கள்கிழமை பகலில் எங்கே நின்றார் என்று வரைபடத்தில் குறித்தார்கள். புள்ளிகள் ஆலையிலிருந்து ஒரே கோடாக நீண்டன. அன்றைக்குக் காற்று வீசிய திசையும் அதே கோடு.

கிருமி ஆயுதத்தையே தடை செய்யும் ஒப்பந்தத்தில் சோவியத் கையெழுத்துப் போட்டது 1972-இல். அது நடைமுறைக்கு வந்தது 1975-இல். போய்ச் சோதித்துப் பார்க்க ஆள் இல்லாத ஒப்பந்தம் அது, இன்றும் அப்படித்தான்.

வானத்தில் விமானம் விடும் வெள்ளைக் கோடு மருந்து தெளிப்புதானே?

அது உறைந்த நீராவி. காலையில் கோதையாறு பக்கம் போனால் நம் வாயிலிருந்தே அதன் குட்டியைப் பார்க்கலாம்.

ஆனால் இப்படிக் கேட்பவர்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது, ஏனென்றால் தெளித்தது உண்டு. 1950 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் மேல், தீங்கில்லை என்று அவர்கள் நினைத்த ஒரு பாக்டீரியாவைப் பனிமூட்டத்தோடு சேர்த்து விட்டது. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் 11 பேருக்கு அதே வகைத் தொற்று கண்டது, ஒருவர் இறந்தார். கப்பல்தான் காரணம் என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியவில்லை. இங்கிலாந்தின் தென்கரையில் 1963 முதல் 1975 வரை இதே வேலை நடந்தது, சொந்தக் கரையோர ஜனங்கள் மேல். இதெல்லாம் ஃபார்வர்டில் வந்த செய்தி இல்லை; அரசு ஆவணத்தில் இருப்பது.

தேரூர் குளத்துக்கு வரும் பறவைகளின் காலில் வளையம் இருப்பது ஏன்? வெளிநாட்டான் நோய் அனுப்புகிறானா?

எங்கிருந்து எங்கே போகிறது என்று அறியப் பறவை ஆய்வாளர்கள் போடும் வளையம் அது. சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022-இல் முக்கிய ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலான ராம்சரில் சேர்ந்தவை. பறவை பார்ப்பவர்கள் வரத்தான் செய்வார்கள்.

சந்தேகத்துக்கு ஒரு வேர் உண்டு. 1960-களில் ஆசியா முழுக்க நடந்த பறவை வளையத் திட்டம் ஒன்றுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க ராணுவம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் அதில் பங்கெடுத்தது. அதே காலத்தில் டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்கப் பணத்தில் கொசுக்களின் மரபு ஆராய்ச்சி நடத்தின. மஞ்சள் காய்ச்சல் நம் நாட்டில் இல்லை. அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசுவில் இவ்வளவு அக்கறை ஏன் என்று பத்திரிகைகளும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் கேட்டன. 1975-இல் திட்டம் மூடப்பட்டது. ஆயுத ஆராய்ச்சி என்று எதுவும் நிரூபணம் ஆகவில்லை. பணம் யாருடையது, தகவல் யாருக்குப் போகிறது என்ற கேள்வி மட்டும் நியாயமானது.

மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் ரகசியமாக ஏதாவது...?

அங்கே பிரிப்பது மோனசைட் முதலான கனிம மணல். அது அணு சம்பந்தப்பட்ட விவகாரம். கிருமிக்கும் விஷவாயுவுக்கும் சம்பந்தமில்லை. கதிர்வீச்சு பற்றிப் பேச வேண்டியது நிறைய உண்டு, அது வேறொரு ஞாயிற்றுக்கு.

இந்தியாவிடம் இரசாயன ஆயுதம் இருந்ததா?

இருந்தது. 1992-இல் பாகிஸ்தானோடு சேர்ந்து, இரசாயன ஆயுதமே கூடாது என்று கூட்டறிக்கை விட்டோம். 1997-இல் சர்வதேச ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து கணக்குக் காட்ட வேண்டிய நாள் வந்தபோது, 1,044 டன் கடுகு வாயுவை எடுத்து வைத்தோம். நம் சிப்பாய்களின் தோலில் வெள்ளைக்காரன் சோதித்த அதே சரக்கு. சர்வதேச ஆய்வாளர்கள் பார்த்திருக்க, 2009-க்குள் அத்தனையும் அழித்தாயிற்று. அமெரிக்கா தன் கடைசி இருப்பை அழித்தது 2023 ஜூலையில்தான். அந்த வகையில் நாம் முந்தி.

கொரோனா?

எங்கிருந்து வந்தது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் வாக்குவாதம் ஓயவில்லை. ஆயுதமாகச் செய்யப்பட்டதில்லை என்பது அமெரிக்க உளவு அமைப்புகள் 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு. சீனாவைக் காப்பாற்ற அவர்களுக்கு அவசியம் எதுவும் இல்லை.

இத்தனை விஷத்தில் ஒரு நன்மைகூட விளையவில்லையா?

விளைந்தது, சுற்றி வளைத்து. 1943 டிசம்பர் 2 அன்று இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. ஜான் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பலில் சுமார் 2,000 கடுகு வாயுக் குண்டுகள் ரகசியமாக இருந்தன. எண்ணெய் கலந்த கடல் நீரில் நனைந்து கரையேறிய மாலுமிகளை, விஷயம் தெரியாத ஆஸ்பத்திரிக்காரர்கள் ஈரத் துணியோடே கம்பளியில் சுற்றிப் படுக்க வைத்தார்கள். துணியைக் கழற்றிக் குளிப்பாட்டியிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். ஸ்டூவர்ட் அலெக்சாண்டர் என்ற ராணுவ மருத்துவர் உண்மையைக் கண்டுபிடித்தார். செத்தவர்களின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்ததையும் எழுதி வைத்தார்.

அதற்கு முந்திய வருஷமே யேல் பல்கலைக்கழகத்தில் இதன் உறவுக்கார வேதிப்பொருள் ஒன்றை ரத்தப் புற்றுநோய் வகைகளுக்கு ரகசியமாகக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் சைக்ளோபாஸ்பமைடு. நெய்யூருக்குக் கீமோ ஏற்ற அம்மாவைக் கூட்டிப்போகிற பிள்ளைகள் மருந்துச் சீட்டில் இந்தப் பெயரைப் பார்த்திருக்கலாம். அதே நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல வருஷம் கத்தி பிடித்த சோமர்வெல் டாக்டர், அதற்கு முன் 1916-இல் பிரான்சின் சோம் போர்முனையில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்தவர்.

எங்கள் பாட்டா பழைய பட்டாளத்துக்காரர், ராவல்பிண்டியில் இருந்திருக்கிறார். கையில் பெரிய தழும்பு உண்டு. அது இதுவாக இருக்குமா?

இருக்கலாம், அடுப்புச் சூடாகவும் இருக்கலாம். தழும்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, காகிதத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம், மெடல், மணியார்டர் ரசீது எது இருந்தாலும் எடுத்துப் பாருங்கள். ரெஜிமென்ட் எண்ணும் எந்த வருஷம் எங்கே இருந்தார் என்பதும் வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் ஆவண அலுவலகம் இருக்கிறது. போர்ட்டன் டவுன் அறிக்கைகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 189 என்ற வரிசையில் கிடக்கின்றன. பட்டியலை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். 1956 நவம்பர் 1-க்கு முன் நம் பகுதி மெட்ராஸில் இல்லை, பாட்டாவின் பட்டாளக் காலத்தில் திருவிதாங்கூர் என்பதால், பாட்டாவின் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் மெட்ராஸ் என்று தேடாதீர்கள், திருவிதாங்கூர் என்று தேடுங்கள். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் குளறுபடியாகத்தான் இருக்கும். செல்லப்பன் என்பதை நான் நாலு விதமாகப் பார்த்திருக்கிறேன்.